வால்வுக்கு முன் மின்தேக்கி: பழைய வானொலிப் பெட்டியைச் சீரமைக்கும் முறை

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட வால்வு வானொலிப் பெட்டி பல ஆண்டுகள் பரணில் கிடந்த பின் கீழே இறக்கப்படும்போது, அது பேசாததற்கு வால்வுகளே காரணம் என்று கருதுவது பரவலான வழக்கம். வால்வு கண்ணாடியால் ஆனது, சூடாகி ஒளிர்வது, இன்று எல்லாக் கடைகளிலும் கிடைக்காதது; ஆகவே ஐயம் முதலில் அதன்மேல் விழுவது இயல்பே. ஆனால் பெட்டியின் அடிப்புறத்தைத் திறந்து அளந்து பார்த்தால் பெரும்பாலும் வேறொன்றே தெரியவருகிறது. வெற்றிடத்துக்குள் மூடப்பட்டிருந்த வால்வு காலத்தை ஓரளவு தாங்கியிருக்க, காற்றும் ஈரமும் எட்டக்கூடிய இடத்தில் இருந்த காகிதமும் மெழுகும் ரப்பரும் அலுமினிய ஆக்சைடுப் படலமும் சிதைந்து போயிருக்கும். சீரமைப்பு வேலையின் வரிசையை இந்த உண்மையே தீர்மானிக்கிறது; பெட்டியை மின்சாரத்தில் செருகிப் பார்ப்பது முதல் வேலையன்று, ஏறத்தாழக் கடைசி வேலை என்பதும் இதனால்தான்.

விளக்கத்தின் வசதிக்காக, அக்காலத்தில் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் மிகப் பரவலாக இருந்த ஐந்து வால்வு அமைப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் இசிஹெச் 81, இஎஃப் 89, இபிசி 81, இஎல் 84, இஇசட் 80 என்னும் வால்வுகள் இருக்கும். இப்பெயர்களின் முதலெழுத்தான 'இ', வால்வைச் சூடாக்கும் இழைக்கு 6.3 வோல்ட் வேண்டும் என்பதைக் குறிக்கிறது; அடுத்து வரும் எழுத்துகள் கண்ணாடிக்குள் இருக்கும் அமைப்பின் வகையைச் சொல்கின்றன; எண்பதுகளில் தொடங்கும் எண், ஒன்பது ஊசிகள் கொண்ட சிறிய அடித்தளத்தை உணர்த்துகிறது. இந்த ஐந்தின் இழைகளும் சேர்ந்து ஏறத்தாழ 2.1 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கின்றன. அதாவது ஒலியாக ஒரு துளிகூட வெளிவருவதற்கு முன்பே, வெறும் சூடேற்றத்துக்காக 13 வாட் செலவாகிவிடுகிறது.

சூடேற்றம் எதற்காக என்பது வால்வின் அடிப்படை. நடுவில் உள்ள இழை, தன்னைச் சூழ்ந்த மெல்லிய நிக்கல் குழாயை மங்கிய சிவப்பு நிறம் வரும்வரை சூடாக்குகிறது. எதிர்மின்வாய் எனப்படும் அந்தக் குழாயின்மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் பூசப்பட்டிருப்பதால், அந்த வெப்பநிலையிலேயே எலக்ட்ரான்கள் அதிலிருந்து வெளியேறுகின்றன. வெளிப்புறத்தில் உள்ள, பட்டறைகளில் பிளேட் என்று வழங்கும் நேர்மின்வாய், ஏறத்தாழ 250 வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் இருந்துகொண்டு அவற்றை ஈர்க்கிறது. இரண்டுக்கும் இடையே நுண்கம்பியால் சுற்றப்பட்ட கிரிட் என்னும் வலைக்குச் சிறிது எதிர்மின்னழுத்தம் கொடுக்கப்படும்போது எலக்ட்ரான் ஓட்டம் குறைகிறது; அந்த அழுத்தம் சற்றே ஏறி இறங்கினாலும் ஓட்டம் பெரிதாக ஏறி இறங்குகிறது. பெருக்குதல் என்பது இவ்வளவே. இந்த எதிர்மின்னழுத்தம் கெடுவதே பழைய பெட்டிகளின் மிக ஆபத்தான கோளாறாக இருப்பதைப் பின்னர் காணலாம்.

வால்வின் உடல்நிலையை அறியக் கண்ணே ஓரளவு போதும். கண்ணாடிக் குமிழின் உட்புறத்தில், பெரும்பாலும் உச்சியில், வெள்ளிக் கண்ணாடி போன்ற கறை ஒன்று தெரியும். அது எஞ்சிய வாயுவை உறிஞ்சுவதற்காக உள்ளே ஆவியாக்கப்பட்ட பேரியம். கறை பளபளப்பாக இருந்தால் வெற்றிடம் நிலைத்திருக்கிறது என்றும், பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது என்றும் பொருள். இழை அறுந்திருக்கிறதா என்பதை மல்டிமீட்டரால் நொடியில் அறியலாம். எலக்ட்ரான் உமிழும் திறன் குறைந்திருப்பதை மட்டும் வேலை செய்யும் நிலையில்தான் அளக்க முடியும். பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வானொலி வால்வுகளை உற்பத்தி செய்ததால், அட்டைப்பெட்டி பிரிக்கப்படாத இந்திய வால்வுகள் பழைய சரக்காக இன்றும் கிடைப்பதுண்டு. இஎல் 84 வகைக்கு அந்தக் கவலையும் இல்லை. கிட்டார் பெருக்கிகளுக்குத் தேவைப்படுவதால் அது இன்றும் புதிதாகவே செய்யப்படுகிறது.

பெட்டியைத் திறந்ததும் முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டியது, அதில் மின்மாற்றி இருக்கிறதா என்பது. மாறுமின்னோட்டம், நேர்மின்னோட்டம் இரண்டிலும் இயங்குமாறு செய்யப்பட்ட பெட்டிகளில் மின்மாற்றி இராது. இழைகள் எல்லாம் ஒரே தொடராக இணைக்கப்பட்டு, 100 மில்லியாம்பியர் மின்னோட்டம் அவற்றின் வழியே ஓடும். அவற்றின் வால்வுப் பெயர்கள் 'யு' என்னும் எழுத்தில் தொடங்கும். இவ்வகைப் பெட்டியில் பாகங்கள் பொருத்தப்பட்ட உலோகச் சட்டமாகிய சேஸிஸ் நேரடியாக மின்வழங்கலின் ஒரு கம்பியோடு இணைந்திருப்பதால், பிளக்கைத் திருப்பிச் செருகினால் சட்டம் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். குமிழ்களின் சிறு திருகாணியைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்து. தனிப்படுத்தும் மின்மாற்றி வழியாக அன்றி இவற்றின்மேல் எவரும் கைவைக்கலாகாது. மின்மாற்றி உள்ள பெட்டியும் பாதுகாப்பானது என்று சொல்வதற்கில்லை. 300 வோல்ட் ஏற்றப்பட்ட 50 மைக்ரோஃபாரட் மின்தேக்கி 2 ஜூலுக்கும் அதிகமான ஆற்றலைத் தேக்கி வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது தானாக இறங்கிவிடும் என்று நம்பாமல், மின்தடை ஒன்றின் வழியே வடித்து, மீட்டரால் சரிபார்த்த பிறகே தொட வேண்டும்.

தூசி தட்டுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. நிலையங்களின் பெயர்களும் அலைநீளங்களும் அச்சிடப்பட்ட கண்ணாடி முகப்பில் எழுத்துகள் உட்புறத்தில் வண்ணப்பூச்சாக இருக்கும். பல பத்தாண்டுகள் வெப்பத்தில் உலர்ந்த அந்தப் பூச்சு, ஈரத்துணி பட்டதும் துணியோடு வந்துவிடும். வெளிப்புறத்தை எவ்வளவு வேண்டுமானாலும் துடைக்கலாம். உட்புறத்தில் மென்தூரிகைக்கு மேல் எதுவும் கூடாது. உள்ளே எலி குடியிருந்த பெட்டிகளில் அதன் சிறுநீர் பட்ட இடமெல்லாம் சேஸிஸ் துருப்பிடித்திருக்கும். அத்தகைய இடங்களில் வால்வுச் சாக்கெட்டின் தொடுமுனைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது அவசியம்.

இனி மின்தேக்கிகள். மெக்கானிக்குகள் கண்டன்சர் என்று சொல்லும் இவற்றில் பழைய பெட்டிக்கு எமனாக வருபவை இரண்டு வகை. முதல் வகை, மின்வழங்கல் பகுதியில் நிற்கும் அலுமினிய உருளைகளாகிய மின்பகு மின்தேக்கிகள். திருத்தி வால்வாகிய இஇசட் 80, மாறுமின்னோட்டத்தை ஒரே திசையில் ஓடச் செய்தாலும், வெளிவருவது நொடிக்கு 100 முறை எழுந்து விழும் அலையாகவே இருக்கும். அதை மட்டப்படுத்துவது இந்த உருளைகளின் பணி. பெட்டி இழுக்கும் மின்னோட்டம் 70 மில்லியாம்பியர், மின்தேக்கி 50 மைக்ரோஃபாரட் என்று கொண்டால், எஞ்சும் அலைவு ஏறத்தாழ 14 வோல்ட். அடுத்து வரும் இரண்டாம் உருளை அதை மேலும் சிறிதாக்கிவிடும். உருளையின் கொள்திறன் பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் அலைவு பல மடங்காகி, எந்த நிலையத்தை வைத்தாலும் அதன்மேல் படர்ந்து நிற்கும் 'ம்ம்ம்' என்னும் உறுமலாகக் கேட்கிறது.

கொள்திறன் சுருங்குவதற்கான காரணம் உருளையின் அமைப்பிலேயே இருக்கிறது. அதனுள் சுருட்டப்பட்ட அலுமினியத் தகட்டின்மேல், ஒரு மைக்ரோமீட்டரினும் மெல்லிய ஆக்சைடுப் படலம் மின்வேதி முறையில் வளர்க்கப்பட்டிருக்கும். மின்கடத்தாப் பொருளாகப் பணிபுரிவது இந்தப் படலமே. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மின்பகு திரவம் நாளடைவில் ரப்பர் மூடியின் வழியே உலர்ந்துவிடுகிறது. அது ஒரு புறமிருக்க, மின்னழுத்தம் இன்றி நெடுநாள் கிடக்கும்போது ஆக்சைடுப் படலமும் ஆங்காங்கே மெலிந்துவிடுகிறது. இந்த நிலையில் முழு மின்னழுத்தத்தையும் திடீரென்று கொடுத்தால் மின்தேக்கி ஏறக்குறையக் குறுக்குச்சுற்றாக நடந்து, சூடேறி வெடிக்கும். அதோடு திருத்தி வால்வையும், சில வேளைகளில் மாற்றுக் கிடைக்காத மின்மாற்றியையும் உடன் அழைத்துச் செல்லும். பரணிலிருந்து இறக்கிய பெட்டியை உடனே செருகலாகாது என்பதற்கு இதுவே முதற் காரணம்.

படலம் மெலிந்தது மட்டுமே குறை என்றால் அதற்கு மருந்து உண்டு. சில ஆயிரம் ஓம் மின்தடை ஒன்றைத் தொடரில் வைத்து, மின்னழுத்தத்தைப் படிப்படியாகப் பல மணி நேரத்தில் உயர்த்திச் சென்றால், கசியும் மின்னோட்டமே அலுமினியத்தை மீண்டும் ஆக்சிஜனேற்றம் செய்து படலத்தைப் புதுப்பித்துவிடுகிறது. கசிவு ஒரு மில்லியாம்பியருக்கும் கீழே இறங்கி அங்கேயே நின்றால் உருளை பிழைத்துவிட்டது என்று கொள்ளலாம். திரவம் உலர்ந்திருந்தால் இந்த முறை பயன்படாது, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது 'பெரிதாக இருந்தால் நல்லதுதானே' என்று 220 மைக்ரோஃபாரட் போடுவது பலரும் செய்யும் தவறு. இஇசட் 80 வால்வுக்கு அடுத்து நிற்கும் முதல் மின்தேக்கி 50 மைக்ரோஃபாரடுக்கு மேற்படக்கூடாது என்பது அதன் வரம்பு. மீறினால் ஒவ்வொரு அரைச்சுற்றின் உச்சியிலும் பாயும் மின்னோட்டத் துடிப்பு, வால்வின் எதிர்மின்வாயைச் சிதைத்துவிடும்.

இரண்டாம் வகை இன்னும் வஞ்சகமானது. இரண்டு உலோகத் தாள்களுக்கு இடையே காகிதத்தை வைத்துச் சுருட்டி, மெழுகில் தோய்த்து அடைத்த காகித மின்தேக்கிகள், பெட்டியின் அடிப்புறத்தில் ஒரு டஜனுக்கும் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். காகிதம் எவ்வளவு அடைத்தாலும் ஈரத்தை இழுக்கும்; அதில் எஞ்சிய அமிலம் ஈரத்தோடு சேர்ந்து கடத்தும் பாதைகளை உண்டாக்கும். கடற்கரை ஊர்களின் பெட்டிகளில் கசியாத காகித மின்தேக்கியைக் காண்பது அரிது. இவற்றுள் ஒன்று மட்டும் தனிக் கவனத்துக்குரியது: முன்நிலை ஒலிப்பெருக்கி வால்வாகிய இபிசி 81இன் பிளேட்டிலிருந்து, வெளியீட்டு வால்வாகிய இஎல் 84இன் கிரிட்டுக்கு ஒலியலையைக் கடத்தும் 0.01 மைக்ரோஃபாரட் இணைப்பு மின்தேக்கி.

இதன் வேலை, ஒலியலையை மட்டும் விட்டுவிட்டு நேர்மின்னழுத்தத்தை நிறுத்துவது. ஒரு புறத்தில் 80 வோல்ட் இருக்க, மறு புறத்தில் கிரிட், 680 கிலோஓம் மின்தடை வழியாகச் சுழி மின்னழுத்தத்தில் நிற்க வேண்டும். மின்தேக்கியின் கசிவு மின்தடை 20 மெகாஓம் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு அது மிகப் பெரிய எண். சாதாரண மல்டிமீட்டர் அதைப் பழுது என்று சொல்லாது. ஆனால் 80 வோல்ட் இந்த இரண்டு மின்தடைகளுக்கும் இடையே பங்கிடப்படும்போது கிரிட்டில் 2.6 வோல்ட் நேர்மின்னழுத்தம் வந்து நிற்கிறது. இஎல் 84இன் கிரிட், எதிர்மின்வாயைவிட 7.3 வோல்ட் கீழே இருக்கும்போது அதன் வழியே 48 மில்லியாம்பியர் ஓடுகிறது. 250 வோல்ட்டில் அது 12 வாட் வெப்பம், அந்த வால்வின் பிளேட் தாங்கக்கூடிய உச்ச வரம்பும் அதுவே. கிரிட் 2.6 வோல்ட் ஏறினால், எதிர்மின்வாயைச் சுழிக்கு மேலே உயர்த்தி வைத்திருக்கும் மின்தடை ஓரளவு தடுத்தாலும், ஓட்டம் 60 மில்லியாம்பியரை நெருங்கி வெப்பம் 15 வாட் ஆகிவிடும். ஒலி சற்றுக் கரகரக்கும், அவ்வளவே. கேட்பவர் அதைப் பழமையின் குணம் என்று எண்ணிப் பொறுத்துக்கொள்வார். அதற்குள் வால்வும், திருத்தியும், வெளியீட்டு மின்மாற்றியின் மெல்லிய கம்பிச்சுருளும் வரிசையாகத் தேய்ந்துகொண்டிருக்கும்.

கொள்திறன் அளக்கும் கருவியும் இங்கே கைவிட்டுவிடுகிறது. கசியும் மின்தேக்கி பல வேளைகளில் எழுதப்பட்ட அளவைவிட அதிகமாகவே காட்டும். நம்பத்தகுந்த சோதனை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. வெளியீட்டு வால்வைக் கழற்றிவிட்டு, சிறிது நேரத்துக்கு மட்டும் மின்னூட்டி, சாக்கெட்டின் 2ஆம் ஊசித் துளையில் நேர்மின்னழுத்தத்தை அளந்தால் அது சுழியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குற்றவாளி மின்தேக்கி. வால்வு இல்லாதபோது சுழியாக இருந்து, செருகிச் சூடேறிய பின் நேர்மின்னழுத்தம் தோன்றினால், குறை வால்வுக்குள் இருக்கிறது என்று முடிவு செய்யலாம். உண்மையில் இந்த ஒரு மின்தேக்கியைச் சோதிக்காமலே மாற்றிவிடுவதுதான் அறிவுடைமை. 630 வோல்ட் தாங்கும் பிளாஸ்டிக் படல மின்தேக்கி ஒன்றின் விலை, வெளியீட்டு மின்மாற்றியை மறுபடி சுற்றும் கூலியோடு ஒப்பிடத் தக்கதே அன்று. மற்ற காகித மின்தேக்கிகளையும் ஒவ்வொன்றாக, ஒன்றை மாற்றி இணைப்பைச் சரிபார்த்த பிறகே அடுத்ததைத் தொட்டு, மாற்றிச் செல்லலாம். மின்வழங்கல் கம்பிகளுக்குக் குறுக்கே இருப்பதற்கு எக்ஸ் 2 என்றும், கம்பிக்கும் சேஸிஸுக்கும் இடையே இருப்பதற்கு ஒய் 2 என்றும் குறிக்கப்பட்ட பாதுகாப்பு வகையே போடப்பட வேண்டும். மைக்கா, பீங்கான் வகைகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அவற்றைத் தொட வேண்டியதில்லை.

பழைய காகித உறையைக் குடைந்து, புதிய மின்தேக்கியை உள்ளே மறைத்து, மெழுகால் மூடிவிடும் வழக்கம் ஆர்வலரிடையே உண்டு. அருங்காட்சியகப் பொருளுக்கு அது தகும். அன்றாடம் ஒலிக்கப்போகும் பெட்டிக்கு, அடுத்துத் திறப்பவர் எது பழையது எது புதியது என்று ஒரே பார்வையில் அறியும்படி வெளிப்படையாகப் போடுவதே நேர்மையானது.

மின்தடைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரிக்கலவையால் ஆன பழைய மின்தடைகள் காலப்போக்கில் மதிப்பு கூடும் இயல்பின. 220 கிலோஓம் என்று குறிக்கப்பட்டது 400 காட்டுவது வியப்பன்று. குறிப்பிட்ட மதிப்பிலிருந்து இருபது விழுக்காட்டுக்கு மேல் விலகியவற்றை மாற்றினால் போதும். ரப்பர் உறையிட்ட கம்பிகள் தொட்டதும் உதிர்ந்தால் அவற்றுக்கு இரக்கம் காட்டலாகாது. வெளியீட்டு மின்மாற்றியின் முதன்மைச் சுருள் அறுந்திருக்கிறதா என்பதையும் இப்போதே அளந்துவிட வேண்டும். அது அறுந்த நிலையில் மின்னூட்டினால், பிளேட்டுக்குப் போக வேண்டிய ஓட்டமெல்லாம், வெளியீட்டு வால்வில் முதல் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே உள்ள இரண்டாம் கிரிட்டின்மேல் திரும்பி, அந்த நுண்கம்பி வலை சிவந்து எரியும்.

இவ்வளவுக்குப் பின்னரே மின்னூட்டல். பட்டறைகளில் 'சீரிஸ் லாம்ப்' எனப்படும் முறை இதற்குப் போதுமானது: 100 வாட் இழைவிளக்கு ஒன்றைத் தொடரில் இணைத்து, அதன் வழியாகப் பெட்டிக்கு மின்சாரம் கொடுப்பது. குளிர்ந்த விளக்கின் மின்தடை ஏறத்தாழ 40 ஓம். முழுவதும் ஒளிரும்போது அது 530 ஓமாக உயர்கிறது. பெட்டியில் குறுக்குச்சுற்று இருந்தால் விளக்கு பிரகாசமாக எரிந்து மின்னோட்டத்தைத் தானே மட்டுப்படுத்திவிடும். இல்லையென்றால் ஒரு கணம் ஒளிர்ந்து மங்கும். எல்ஈடி விளக்கு இந்த வேலைக்கு உதவாது. விளக்கு மங்கிய பின், அதை நீக்கி நேரடியாக இணைத்து, இழை மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். மின்மாற்றியில் 200, 220, 245 எனப் பல இணைப்புகள் இருந்தால், இன்றைய வழங்கல் 240 வோல்ட்டைத் தொடும் தெருக்களில் 245ஐத் தேர்வதே வால்வுகளுக்கு நல்லது.

பெட்டி பேசத் தொடங்கிய பின் எஞ்சுவது தேர்வுத்திறனைச் சீர்செய்வது. அமெரிக்கப் படையின் பொறியாளராக 1918இல் பாரிசில் பணிபுரிந்தபோது எட்வின் ஆம்ஸ்ட்ராங் உருவாக்கிய சூப்பர்ஹெட்டரோடைன் முறையில், வரும் அலை அப்படியே பெருக்கப்படுவதில்லை; பெட்டிக்குள்ளேயே அலையியற்றி உண்டாக்கும் மற்றோர் அலையோடு கலந்து, இடைநிலை அதிர்வெண் என்னும் நிலையான அதிர்வெண்ணுக்கு மாற்றப்படுகிறது. அது 455 கிலோஹெர்ட்ஸ் என்றால், சென்னை வானொலியின் 720ஐப் பிடிக்க அலையியற்றி 1175இலும், திருச்சியின் 936க்கு 1391இலும் நிற்க வேண்டும். ஆக, எந்த நிலையமாயினும் பெருக்கும் சுற்றுகள் ஒரே அதிர்வெண்ணுக்கு மட்டும் கூர்மையாக்கப்பட்டால் போதும். இதில் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. மத்திய அலை 520 முதல் 1620 வரை செல்லும்போது அலை வாங்கும் சுற்றின் அதிர்வெண் மும்மடங்குக்குச் சற்று மேல் மாறுகிறது. அலையியற்றியோ 975 முதல் 2075 வரை, இரு மடங்குக்குச் சற்று மேல்தான் மாற வேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் சுழலும் ஒரே அளவிலான தகடுகள் இயக்குவதால், அலையியற்றிச் சுருளோடு தொடரில் ஒரு மின்தேக்கியை வைத்து அதன் வீச்சைச் சுருக்கியிருப்பார்கள். அதனால்தான் அளவுகோலின் கீழ்முனையில் சுருளின் உட்கருவையும், மேல்முனையில் டிரிம்மர் எனப்படும் சிறு மின்தேக்கியையும் மாறி மாறித் திருத்தி, இரு முனைகளும் முகப்பின் குறிகளோடு பொருந்தும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. முதலில் இடைநிலைச் சுருள்கள், பிறகு அலையியற்றி, கடைசியில் அலை வாங்கும் சுருள் என்பதே வரிசை. சிக்னல் ஜெனரேட்டர் இல்லாதவர் இடைநிலைச் சுருள்களைத் தொடாமல் விடுவது நல்லது. தொழிற்சாலையில் வைத்த மெழுகு முத்திரை உடையாதிருந்தால் அவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும், இரும்புத் திருப்புளி பட்டால் உட்கரு பிளந்துவிடும்.

அலைவரிசை மாற்றும் சுவிட்சின் சிற்றலைத் தொடுமுனைகள் கறுத்திருந்தால், அவற்றைத் துடைப்பதும் இந்த நிலையில்தான். சிற்றலை அன்று அவ்வளவு வேண்டப்பட்டதற்குக் காரணம் உண்டு. 1952 முதல் பத்தாண்டுக் காலம் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரையிசைக்குக் கட்டுப்பாடு விதித்ததும், நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பியதும், அதற்கு ஈடாக 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டதும் பலரும் அறிந்தவை. அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டு வீடுகளில் சிற்றலை, பெட்டி வாங்குவதற்கான காரணங்களுள் முக்கியமானதாக இருந்தது.

இத்தனையும் செய்த பின்னும் பெட்டி இரைந்தால், குறை பெட்டியில் இல்லாதிருக்கலாம். எல்ஈடி விளக்குகள், கைபேசி சார்ஜர்கள், இன்வெர்ட்டர்கள் ஆகியவற்றின் உள்ளே பல்லாயிரம் முறை நொடிக்கு விட்டுவிட்டு இயங்கும் மின்சுற்றுகள், மத்திய அலை முழுவதும் பரவும் இரைச்சலை உமிழ்கின்றன. இந்தப் பெட்டி செய்யப்பட்ட காலத்தில் அவை இல்லை. வீட்டின் மின்சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் இரைச்சலின் பிறப்பிடம் தெரிந்துவிடும். அணைக்க முடியாததற்கு, பெட்டியின் பின்புறத்தில் இன்று பலரும் வெறுமனே விட்டுவிடும் இரண்டு துளைகளே வழி: ஒன்றில் சுவரிலிருந்து விலகி மாடியில் கட்டப்பட்ட பத்து மீட்டர் கம்பி, மற்றொன்றில் மின்மாற்றி உள்ள பெட்டியாயின் மட்டும் ஈரமண்ணில் இறக்கிய நல்ல எர்த்.